நாங்கள் பேசாத பேச்சா?

கேள்வி:

நாங்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 42. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் பிக்கப் ஓட்டுகிறார். பதினைந்து வருடமாகக் குடிப்பழக்கம். இரண்டு வருடமாகக் காலையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. கேட்டால் "ஒரு குவார்ட்டர்தான், குளிருக்கு" என்பார். முன்பெல்லாம் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாளும் தொடமாட்டார். போன கார்த்திகையில் மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். சாமி குற்றம் ஆகிவிட்டது என்று மாமியார் மாலையைக் கழற்ற வைத்தார். அன்றே குடித்தார், எல்லாம் சரியாகிவிட்டது. அப்புறம் என் நகையை அடகு வைத்துக் கோவையில் ஒரு மையத்தில் 30 நாள் சேர்த்தோம். திரும்பி வந்து மூன்று வாரம் நன்றாக இருந்தார். ஒரு சனிக்கிழமை மறுபடி ஆரம்பித்தவர் இப்போது முன்பைவிட அதிகம் குடிக்கிறார். இனி எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, கவுன்சலிங்குக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். பேசினால் குடி போகுமா? பதினைந்து வருடமாக நாங்கள் பேசாத பேச்சா? தெரிந்த ஒருவர் பொடி தருகிறேன், சாம்பாரில் கலந்து கொடு என்கிறார். கொடுக்கலாமா? என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா வண்டிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் போய்விடுகிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கவுன்சலிங்கைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த எறும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது அதுதான்.

தினமும் குடித்துப் பழகிய மூளைக்குத் திடீரென்று மது கிடைக்காமல் போனால் இப்படித்தான் ஆகும். பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் ஆக்ஸிலேட்டரையும் கூடுதலாக மிதிக்க வேண்டிவரும் அல்லவா? மது மூளையை அமுக்க அமுக்க, மூளையும் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மாலை போட்ட அன்று பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். மூளை கூட்டி வைத்த வேகம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும். உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் ராத்திரி நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். திரும்பக் குடித்ததும் மூளை அடங்கியது. மாலையைக் கழற்றியதால் சரியானது என்று மாமியார் நினைத்ததில் தப்பே இல்லை, கண்ணால் பார்த்தது அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் காரணம் வேறு. ஐயப்பன் உங்கள் வீட்டுக்காரர் மேல் எந்தக் கோபத்திலும் இல்லை என்று அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். சாமி தன்னைக் கைவிட்டுவிட்டது என்ற நினைப்பு ஒரு மனிதரை எவ்வளவு தூரம் குடிக்குள் தள்ளும் என்பதை இந்த மலையில் குடிநோய் ஆலோசகராக வேலை பார்க்கிற நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே, வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள், பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டாதீர்கள், அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஒருமுறை இந்த நிலைக்குப் போனவருக்கு அடுத்தமுறை இன்னும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம், சரியான சமயத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மூளையின் வேகத்தைப் படிப்படியாக இறக்கும் மாத்திரை ஒரு வாரம், பத்து நாள் கொடுப்பார்கள். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இந்த ஊசி முக்கியம். "ரொம்பச் சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று பக்கத்துக் கிளினிக்கில் நாமாகக் கேட்டு ஏற்றிக்கொள்ளக் கூடாது. நாள்படக் குடித்தவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த ஊசிக்குப் பிறகோ அதோடு சேர்த்தோதான் குளுக்கோஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மூளைக்கே சேதம் வரலாம். மாத்திரை சாப்பிடும் நாட்களில் வண்டி ஓட்டவே கூடாது. கொண்டை ஊசி வளைவில் கண் சொருகினாலோ வலிப்பு வந்தாலோ என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் எப்போதாவது வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சரி, இந்தப் பத்து நாளில் உடம்பிலிருந்து மது இறங்கிவிடும். கோவையிலும் அது நடந்திருக்கிறது. அங்கே நடக்காதது என்ன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

"நாங்கள் பேசாத பேச்சா" என்கிறீர்கள். நிச்சயமாக நிறையப் பேசியிருப்பீர்கள். நீங்கள், மாமியார், ஊர்ப் பெரியவர், உங்கள் அண்ணன், மையத்தில் வகுப்பு எடுத்தவர் என்று எல்லோரும் பேசியிருப்பார்கள். இத்தனை பேர் பேசியதில் அவர் எத்தனை வார்த்தை பேசினார் என்று யோசித்துப் பாருங்கள். தலையைக் குனிந்துகொண்டு "சரி, இனிமேல் இல்லை" என்று சொல்லியிருப்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து என்ன வந்தது? நல்ல கவுன்சலிங்கில் நேர்மாறாக நடக்கும். அங்கே பேசுகிறவர் அவர்.

ஒரு கொண்டை ஊசி வளைவு டிரைவர் முதன்முதலாக எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குடி கெடுதல் என்று நான் ஆரம்பிக்க மாட்டேன், அது அவருக்குத் தெரியும். "குடிப்பதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்பேன். யாரும் கேட்காத கேள்வி என்பதால் கொஞ்சம் திகைப்பார். அப்புறம் தூக்கம் வருகிறது, உடம்பு வலி தெரிவதில்லை, கடன்காரன் ஞாபகம் வருவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். முழுதாகக் கேட்பேன். அதன்பின், "குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்பேன். "நாலு" என்பார். வீட்டில் இருக்கிறவர்களாக இருந்தால் "நாலுதானா?" என்று பாய்ந்துவிடுவோம். நான், "ஏன் நாலு? ஒன்று என்றுகூடச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்பேன். இப்போது அவர் பதில் சொல்லியாக வேண்டும். "பொண்ணு பெரியவளாகிவிட்டாள் மேடம்... முன்ன மாதிரி பக்கத்தில் வந்து உட்கார மாட்டேங்கிறா" என்று வரும். அல்லது, "காலையில் ஊற்றிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கப் பயமாக இருக்கு" என்று வரும். விடுவதற்கான காரணத்தை அவரே தன் வாயால் சொல்லி, அதைத் தன் காதாலேயே கேட்கிறார். அதே காரணத்தை நீங்கள் நூறு முறை சொல்லியிருந்தாலும் அவர் அதற்கு மறுப்புத்தான் தேடியிருப்பார். மனிதர்கள் எல்லோருக்கும் இருக்கும் குணம் இது, அவரிடம் மட்டும் இருக்கும் குறை என்று நினைக்காதீர்கள்.

இந்த முறையை வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் எழுதினார். பிறகு அவரும் கூட வேலை செய்தவர்களும் குடிநோயாளிகளிடம் இரண்டு விதமாகப் பேசிப் பார்த்தார்கள். ஒன்று நேருக்கு நேர் மடக்கிப் பேசுவது, இன்னொன்று இப்படிக் கேட்டுப் பேசுவது. 1993-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில், ஆலோசகர் எந்த அளவுக்கு மடக்கி மடக்கிப் பேசினாரோ அந்த அளவுக்கு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்தார் என்று தெரிந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கினால் திருந்துவார் என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறோம். அதனால்தான் சில இடங்களில் "மறுவாழ்வு" என்ற பெயரில் அடிக்கிறார்கள், மொட்டை போடுகிறார்கள், மற்றவர்கள் முன்னால் முட்டி போட வைக்கிறார்கள். இது சிகிச்சையே கிடையாது, குற்றம். கோவையில் அந்த 30 நாளில் என்ன நடந்தது என்று அவர் உங்களிடம் சொன்னாரா? "இனி எங்கேயும் வரமாட்டேன்" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஏதாவது இருக்கலாம். குறை சொல்லாமல், அவர் நிதானமாக இருக்கும் ஒரு காலையில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து அந்தச் சனிக்கிழமை. கவுன்சலிங்கின் பெரும்பகுதி உழைப்பு இங்கேதான் போகும். திரும்பவும் குடிக்க ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் ஆரம்பிக்கிறார்கள், அவருக்கு நேர்ந்ததில் புதுமை எதுவும் இல்லை. மையத்துக்குள் டாஸ்மாக் கிடையாது, கையில் பணம் கிடையாது, நண்பர்கள் கிடையாது. அங்கே குடிக்காமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. வெளியே வந்து, அதே வண்டியை எடுத்துக்கொண்டு, அதே ரோட்டில், அதே கடையைத் தாண்டிப் போகும்போது என்ன செய்வது என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

அந்தச் சனிக்கிழமையை நான் அவரோடு உட்கார்ந்து மணிக்கணக்காகப் பிரிப்பேன். லோடு ஏற்றியது எத்தனை மணிக்கு? சீசனில் இலை குவியும்போது ஃபேக்டரி வாசலில் எடைக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்? மதியம் சாப்பிட்டாரா? வாடகைப் பணம் கையில் எவ்வளவு வந்தது? வரிசையில் முன்னால் நின்ற வண்டிக்காரர் யார்? மழையா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், "திடீர்னு ஆசை வந்திடுச்சு" என்று அவர் சொல்வதற்கு முன்னால் ஐந்தாறு படிகள் இருந்தது அவருக்கே தெரியவரும். காலையில் சாப்பிடவில்லை. இலையில் ஒட்டிய தண்ணீருக்கு என்று எடையில் கூடுதலாகக் கழித்ததில் ஃபேக்டரி ஆளோடு வாக்குவாதம். வரிசையில் பழைய கூட்டாளி. சட்டைப் பையில் முழு வாடகை. அந்த நேரத்தில் கடை வாசல் கடைசிப் படி. முதல் படியிலோ இரண்டாவது படியிலோ என்ன மாற்றலாம் என்று அவரே யோசிப்பார். சனிக்கிழமை வாடகையை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். வரிசையில் நிற்கும்போது சாப்பிட டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் திரும்பும்போது வேறு வழியில் வரலாம், அது நாலு கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. குடிக்கும் ஆசை என்பது அலையாக ஏறி இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் உச்சத்தில் நிற்காது. அந்த அரை மணி நேரத்தை எங்கே, யாரோடு கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். "ஒரு கிளாஸ்தானே மச்சான்" என்று கூட்டாளி நீட்டும்போது என்ன சொல்வது என்பதைக்கூட ஆலோசகர் அறையில் சொல்லிப் பழகுவோம். முதல் தடவை அவர் குரல் எழும்பவே எழும்பாது, பத்து தடவை சொன்னபிறகு கொஞ்சம் எழும்பும்.

இன்னொன்றும் சொல்லித்தர வேண்டும். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று முழுதாக விழுந்துவிடுகிறார்கள். மூன்று வாரம் இருந்தவர் முன்பைவிட அதிகம் குடிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த மூன்று வாரம் வீண் போகவில்லை. 21 நாள் சாயங்காலமும் அவர் வேறு ஏதோ செய்து சமாளித்திருக்கிறார். அது என்ன என்று கேட்டால் அவரே வியப்பார்.

மாலை போட்ட 41 நாட்களும் அப்படித்தான். முந்தைய வருடங்களில் அவரால் எப்படி முடிந்தது? காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால். ஊரே அவரை "சாமி" என்று கூப்பிட்டது. எந்தக் கூட்டாளியும் கிளாஸை நீட்டவில்லை. குடிக்கும் நேரமான சாயங்காலத்தில் பஜனைக்குப் போனார். கூடவே இன்னும் பத்து பேர் அதே விரதத்தில் இருந்தார்கள். குருசாமி ஒருவர் இருந்தார், மனசு தடுமாறினால் அவரிடம் போக முடிந்தது. நாங்கள் புத்தகங்களில் படித்து நோயாளிகளுக்குக் கட்டிக் கொடுக்க முயற்சி செய்வதெல்லாம் இதில் இருக்கிறது. 42-ஆம் நாள் மாலை இறங்கியதும் எல்லாமே ஒரே சமயத்தில் இறங்கிவிட்டதுதான் சிக்கல். நல்ல ஆலோசகர் அவருடைய பக்தியை ஒதுக்கமாட்டார், அதில் எதை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று அவரோடு சேர்ந்து பார்ப்பார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில், அந்தக் குருசாமியோடு வாரம் ஒருமுறை போன். ஏ.ஏ. என்று சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இந்த வகைதான். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கிறது, கட்டணம் கிடையாது, போகிறவர்கள் எல்லோரும் குடியிலிருந்து மீள்கிறவர்கள். ஆனால் ஒன்று: மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்தியபிறகுதான் மறுபடி மாலை. அந்த மூன்றாம் நாள் ராத்திரி திரும்ப வரக் கூடாது.

குளிர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மலையில் எல்லோரும் சொல்லும் காரணம் இது. மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரியும். அதே சூடுதான் வெளியே போய்க்கொண்டிருக்கும், உடம்பின் உள்வெப்பம் குறையும். டிசம்பர் உறைபனியில் குடித்துவிட்டு வெளியே படுத்தவர்கள் விறைத்துப்போவது இதனால்தான். "ஒரு குவார்ட்டர்தான்" என்பதும் சின்ன அளவு இல்லை. 180 மில்லியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உண்மையில் எவ்வளவு குடிக்கிறார் என்று தெரிய ஒரு வழி உண்டு. நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள் அல்லவா? பல வீடுகளில் காலிப் பாட்டிலைச் சாக்கில் சேர்த்து வைக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாக்கு இருந்தால் ஒரு வாரத்துக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் குத்திக் காட்டுவதற்கு அது வேண்டாம். எத்தனை மாத்திரையிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

பொடி வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். சில பொடிகளில் டைசல்ஃபிரம் என்ற மருந்தை இடித்துக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, மூச்சுத் திணறல் வரும். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி மாரடைப்புவரை போகலாம். நோயாளிக்கு விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் சோதித்தபிறகு மருத்துவர் கொடுக்கும் மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார். பிழைத்தாலும், வீட்டுச் சாப்பாட்டின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும், உங்கள் மேல் இருந்ததும் போய்விடும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன. மனநல மருத்துவரிடம் கேளுங்கள். கவுன்சலிங்கும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டி கிடையாது. தினமும் மாத்திரையை விழுங்க வைப்பதே பாதி நேரம் கவுன்சலிங்கின் வேலையாக இருக்கிறது.

இனி உங்களைப் பற்றி. அவர் வரமாட்டேன் என்கிறார், சரி. நீங்கள் தனியாக வரலாம். நான் மனதார வற்புறுத்துவது இதைத்தான். குடிப்பவர் சிகிச்சைக்கு வராதபோது வீட்டாருக்குப் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 1999-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அந்தப் பயிற்சி எடுத்த குடும்பங்களில் 64 சதவீதத்தில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் கூடி உட்கார்ந்து மடக்கிப் பேசும் முறையில் 30 சதவீதம்தான். நம் ஊரிலும் இது புதிதில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் குடும்பத்தாருக்கென்றே தனிச் சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயிற்சியின் சாரத்தை இப்போதே சொல்கிறேன். குடித்துவிட்டு வந்திருக்கும்போது ஒரு வார்த்தையும் விவாதம் வேண்டாம், அந்த நேரத்தில் சொல்வது எதுவும் மனதில் நிற்காது. குடிக்காத நேரத்தில், அது ஒரு மணி நேரமானாலும் சரி, கூட உட்காருங்கள், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள், பிள்ளையின் மார்க்கைப் பற்றிப் பேசுங்கள். பழைய கணக்கை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். அவர் எழுந்திருக்க முடியாத காலையில் ஃபேக்டரிக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று சொல்வது நீங்கள்தான் என்றால், அதை நிறுத்திக்கொள்ளுங்கள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள். இது கோபத்தில் செய்கிற காரியமாக இருக்கக் கூடாது. "இதை நான் சொல்ல மாட்டேங்க, நீங்களே சொல்லிடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

அடி விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. பிள்ளையை அழைத்துக்கொண்டு முதலில் பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள், 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். குடிநோய் என்பதால் அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெண்ணிடம் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பதினாலு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் நடப்பது எல்லாமே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசாததுதான் அவளைப் போர்வைக்குள் தள்ளுகிறது. "அப்பாவுக்கு இது ஒரு நோய். உன்னால் வந்தது இல்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது. நானும் டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். அப்பாவிடம் அழுது கேள் என்று அவளைத் தூது அனுப்பாதீர்கள். அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம். பள்ளியில் அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய பயங்களில் ஒன்றாக இருக்கும். ஒரே பஸ்ஸில் எல்லோரும் போய்வரும் மலை ஊரில் அது நியாயமான பயம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மதுவால் வரும் மனப் பாதிப்புகளும் அடங்கும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. நீங்கள் கேட்டால்கூட, அவர் அறைக்குள் சொன்னதை ஆலோசகர் உங்களிடம் சொல்லமாட்டார். அதில் வருத்தப்படாதீர்கள். தன் பேச்சு வெளியே போகாது என்று தெரிந்தால்தான் அவர் வாய் திறப்பார்.

எத்தனை தடவை போக வேண்டும் என்றால், முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு, மாதத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருடமாவது தொடர்பு விடக் கூடாது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த 30-ம் 300 ஆகிவிடும். அப்படிப்பட்ட வாரங்களில் போனிலேயே பேசிக்கொள்ள முடியுமா என்று ஆரம்பத்திலேயே ஆலோசகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. நகையை மறுபடி அடகு வைக்க வேண்டாம், அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. என்றாவது தனியார் மையத்தில் சேர்க்க நேர்ந்தால், மனநல மருத்துவர் உண்மையாகவே வந்து பார்க்கிறாரா, அரசு அனுமதி இருக்கிறதா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா, வெளியே வந்தபிறகு யார் தொடர்ந்து பேசுவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

அவரை அழைப்பதற்கு நல்ல நேரம் காலை. நடுக்கம் இருக்கும், நேற்றைய ராத்திரி மேல் அவருக்கே வெறுப்பு இருக்கும். "குடியை நிறுத்தப் போகலாம்" என்று ஆரம்பித்தால் மறுப்பார். "அந்தக் கை நடுக்கத்துக்கும், அன்றைக்கு எறும்பு தெரிந்ததுக்கும் மருந்து இருக்காம். அடைத்து வைக்கமாட்டார்கள், நானும் கூட வருகிறேன். ஒரே ஒரு தடவை டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்துவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிட்டு, இன்னொரு காலையில் திரும்பச் சொல்லுங்கள். சம்மதித்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே கிளம்புங்கள். அடுத்த வாரம் என்று தள்ளினால் மனசு மாறிவிடும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள். கோவை மையத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, அவர் இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றின் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா என்பதையும், அந்த மூன்றாம் நாள் ராத்திரி நடந்ததையும் ஒரு தாளில் எழுதி, உள்ளே போனதும் முதல் வேலையாக மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.